போன் வருவதற்கு முன் காலண்டரை எடுங்கள்

"அண்ணே, வர்ற பதிமூணாம் தேதி ஃப்ரீயா?"

மேடைக் கச்சேரித் தொழிலில் உங்களுக்கு வருகிற முதல் போனும் இப்படித்தான் தொடங்கும், இருபது வருஷம் கழித்து வருவதும் இப்படித்தான் தொடங்கும். எந்த ஊர், என்ன விசேஷம், எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் பிறகு. முதலில் தேதி. புதிதாக வந்தவர்கள் கேள்வி முடிவதற்குள் "ஃப்ரீதாண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். மூத்த மகள் கோயிலில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்றைக்கு நான் சாயல்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் என் இடத்தில் மச்சான் நிற்கிறார்.

எனக்குப் பாம்பன் தீவு. மீனவக் குடும்பம். அப்பா வலை இழுத்தார், நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். சனிக்கிழமை இரவு அம்மன் கோயில் மேடை, ஞாயிறு காலை கோயிலில் பாடகர் குழு. (நாங்கள் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வோம். எந்தக் கோயில் என்பது பேச்சுவாக்கில் புரிந்துவிடும்.) கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் எல்லாரும் என்ன மாடல் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எந்தத் தேதிக்கு முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் வாசிக்க வராமல் தொழிலை விட்டவர்கள் குறைவு. தேதியில் சிக்கி விட்டவர்கள்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலை: மூன்று காலண்டரை ஒரு நோட்டில் எழுதுவது

டிசம்பர் கடைசியில் தாள் கிழிக்கும் தினசரி காலண்டர் ஒன்று வாங்குங்கள். முகூர்த்த நாள், அமாவாசை, பிறை, கிறிஸ்தவப் பண்டிகை எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கரையில் பிழைக்க எல்லாமே வேண்டும். தமிழ் மாதம் ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் வந்து நிற்கும். இஸ்லாமிய மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழும். அதனால் போன வருஷக் கணக்கை இந்த வருஷத்துக்கு அப்படியே வைக்க முடியாது. பங்குனித் திருவிழாவும் புனித வாரமும் ஒரு வருஷம் விலகி நிற்கும், அடுத்த வருஷம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும்.

இங்கே வருஷம் எப்படி ஓடும் என்று சொல்கிறேன். தை பிறந்ததும் கல்யாண சீசன். பிப்ரவரி 4 ஓரியூர் புனித அருளானந்தர் நாள். 1693இல் அவர் தலை வெட்டப்பட்ட நாள் அது, திருவாடானைப் பக்கம் எந்தக் குழுவும் அந்த வாரம் சும்மா இருக்காது. மாசியில் ராமேஸ்வரத்தில் சிவராத்திரித் திருவிழா. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் அறுவடை மாதிரி: கிராமக் கோயில் பொங்கல், கல்யாணம், காதுகுத்து என்று ஒரே தேதிக்கு மூன்று போன் வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் முளைப்பாரி இருக்கிறது. அந்த மேடைகளில் கும்மிக்கும் ஒயிலுக்கும்தான் முதல் மரியாதை, நமக்கு அதற்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். ஜூலை 25 புனித சந்தியாகப்பர் திருநாள், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த இரண்டு மாதத்தில் வருகிற வருமானத்தை வருமானம் என்றே எண்ணாதீர்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ், பக்கத்திலேயே மார்கழி பஜனை, உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு துல்கஅதா என்கிற இஸ்லாமிய மாதத்தில், அது வருஷா வருஷம் முன்னால் நகரும். ரமலான் மாதம் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரு நிகழ்ச்சியும் இருக்காது.

இதற்கெல்லாம் மேலே கடல் ஒரு கணக்குப் போடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ஆட்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், கூட்டம் அள்ளும், கையில் காசு மட்டும் இருக்காது. அந்தோணியார் திருநாள் ஜூன் 13. தடை முடிவதற்கு ஒரு நாள் முன்பு. படகுக்குப் பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து, கடன் வாங்கி டீசல் போட்டுவிட்டுத்தான் அந்தத் தேருக்கு வந்து நிற்பார்கள். அன்றைக்குப் பேசின தொகையில் கொஞ்சம் குறைந்தால் முகம் சுளிக்காதீர்கள். அதே ஊரில் ஜூன் 29 இராயப்பர் (பேதுரு) திருநாளுக்குப் போனால், முதல் பாடு, அதாவது தடைக்குப் பிறகு கிடைக்கிற முதல் மீன், நன்றாக வந்திருந்தால், சொன்னதற்கு மேலேயே தருவார்கள். தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு 8000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அவர்களை நம்பிப் பாடுகிறவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் ஏப்ரலுக்குள் இரண்டு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியாகிவிட்டது. இப்போதுதான் முக்கியமான வேலை. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் உங்களுடைய நாட்களை முதலில் அடியுங்கள். பிள்ளைகள் பிறந்தநாள், பொதுத்தேர்வு வாரம், ஊர்த் திருவிழாக் கொடியேற்றமும் தேரும், மனைவி வீட்டு விசேஷம், அப்பா அம்மா நினைவு நாள். எங்கள் வீட்டில் முப்பது நாளுக்குக் கொஞ்சம் கூடவே வரும். மிச்சம் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் நாளும் போனுக்கு. சிவப்பு அடித்த நாளுக்குப் போன் வந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் பேனா மை கரைந்துவிடும்.

முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்றும் ஒரு முறை இருக்கிறது. "முடியாதுண்ணே" என்று வைத்துவிட்டால் அந்த பார்ட்டி மறுபடி கூப்பிடமாட்டார். உங்கள் தரத்தில் வாசிக்கும் மூன்று பேர் நம்பரைக் கையில் வைத்திருங்கள். "எனக்கு அன்னைக்குக் கோயில் இருக்குண்ணே, தேவிபட்டினத்துல ஒரு தம்பி இருக்கான், நான் பேசிட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்." அந்தத் தம்பி நாளைக்கு உங்களுக்கு ஒரு தேதியைத் திருப்பித் தருவான். போட்டிக்காரனுக்குத் தேதி கொடுப்பதா என்று முதல் வருஷம் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

அடுத்தது: உப்புக்காற்றிலிருந்து பெட்டியைக் காப்பாற்றுவது

மாடல் கேள்விக்குப் பதில்: 61 கட்டை போதும், அரேஞ்சர் வகை (தாளமும் பின்னணியும் தானே போடுவது), பென் டிரைவ் போடும் வசதி. செகண்ட் ஹேண்டாக வாங்குங்கள். கடலோரத்தில் புதுப் பெட்டி வாங்கினால் இரண்டு வருஷத்தில் அதுவும் பழைய பெட்டிதான்.

இங்கே எதிரி உப்பு. ஜாக் முனையில் பச்சை பூக்கும், மைக் வலையில் துரு ஏறும், கட்டைக்கு அடியிலிருக்கும் கார்பன் பட்டையில் ஈரம் படிந்து, நீங்கள் மெதுவாகத் தொட்டால் ஊமையாகவும் அழுத்தினால் அலறலாகவும் வரும். கிதார்காரர் கம்பியை மற்ற ஊரை விடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) எழுந்துவிட்டால் மணலும் சேர்ந்துகொள்ளும். கடற்கரை மேடையில் கீபோர்டை எப்போதும் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேச்சாளர் மைக்கைப் பிடித்தால் (பிடித்தால் விடமாட்டார்) உடனே துணியைப் போட்டு மூடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் வீட்டுக்கு வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் பத்து போடுங்கள். செருப்புக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஜாக் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். எந்த ஒயரும் இரண்டிரண்டாக இருக்கட்டும்.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இதில் உயிர் இருக்கிறது. திருவிழா ஒயரிங் என்பது மரத்துக்கு மரம் தொங்கும் சீரியல் லைட்டும், எர்த் இல்லாத பிளக்கும், மழைத் தண்ணீரும் சேர்ந்தது. மேடை ஏறியதும் டெஸ்டர் வைத்து மைக் ஸ்டாண்டைத் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் மைக்செட்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் பாடகர் கிட்டே வர வேண்டும். அம்மன் கோயில் மேடையில் செருப்புப் போட முடியாது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று மைக்கைப் பிடிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அதனால் நான் எங்கே போனாலும் இரண்டு ரப்பர் பாய் கொண்டுபோகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று பாடுகிறவருக்கு. இன்னொன்று: ஜெனரேட்டருக்கு மாற்றுகிற நேரத்தில் வோல்டேஜ் எகிறும். மாற்றப்போகிறோம் என்று ஆள் கை காட்டிய உடனே கீபோர்டை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் ஒரு பெட்டியைப் புகையவிட்டவன் சொல்கிறேன்.

பாட்டுப் பட்டியல்

சினிமாப் பாட்டு உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒரே வாரத்தில் அம்மன் பாட்டு, மாதா பாட்டு, சந்தனக்கூட்டுக்கு இஸ்லாமியப் பாட்டு மூன்றும் கேட்பார்கள். மூன்றிலும் பத்துப் பத்துப் பாட்டாவது நோட்டைப் பார்க்காமல் வர வேண்டும். நாகூர் ஹனீபா பிறந்தது இராமநாதபுரத்தில், 1925இல். அவர் பாட்டில் குறைந்தது ஐந்து தெரியாமல் கீழக்கரைப் பக்கம் மேடை ஏறாதீர்கள். எந்த மதத்துக் கூட்டமாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஒரு அமைதி விழும். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சில ஜமாஅத்துகளில் கல்யாண வீட்டில் கச்சேரியே கூடாது, சில இடங்களில் பக்கவாத்தியம் கூடாது, தப்ஸ் என்கிற கைப்பறை மட்டும் போதும் என்பார்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

சுருதி. பழைய பாடகர்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. ஒவ்வொரு பாடகருக்கும் எந்தப் பாட்டு என்ன கட்டை என்று அதே தேதி நோட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் வரம்தான், ஆனால் அது சாபமாகவும் மாறும். ஒருமுறை சனிக்கிழமை இரவு ஒரு பெண் குரலுக்காக மூன்று ஏற்றி வைத்தவன், ஞாயிறு காலை அதே பெட்டியில் வருகைப் பாட்டை ஆரம்பித்தேன். முதல் வரிக்கே பாடகர் குழுவின் ஆண்கள் அத்தனை பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. ஃபாதர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பெட்டியைப் பையில் வைப்பதற்கு முன் டிரான்ஸ்போஸை ஜீரோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒத்திகைக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் பாடகர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. யார் எந்தப் படகு என்று தெரிந்து ஒத்திகை வையுங்கள். இரவெல்லாம் வலை வாங்கிவிட்டு வந்தவரைக் காலை பத்து மணிக்கு உச்சஸ்தாயி பாடச் சொல்வது பாவம்.

காசு

பாதி அட்வான்ஸ் இல்லாமல் தேதியை நோட்டில் எழுதாதீர்கள். பென்சிலில்கூட வேண்டாம். வண்டிச் செலவும் சாப்பாடும் பேசின தொகைக்கு வெளியே என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மீதித் தொகையைக் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டு முடிந்ததும் வாங்குங்கள். மேடை அவிழ்ந்த பிறகு கமிட்டித் தலைவரைத் தேடினால் அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். "காலையில ஜிபே பண்ணிடுறேன் தம்பி" என்பதை நம்பி நான் காத்திருக்கிற காலைகளில் சில இன்னும் விடியவில்லை.

குழுவுக்குள் பிரிக்கும்போது, மேடையில் கிடைக்கும் அன்பளிப்பு நோட்டை எப்படிப் பங்கு வைப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பாடுகிறவர் சட்டையில் குத்துகிற நோட்டு பாடுகிறவருக்கா, எல்லாருக்குமா? குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்தப் பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டில்தான். எங்கள் குழுவில் பாதி பாடகருக்கு, பாதி பொதுவில்.

கரையோர ஊர்களில் இன்னொன்று உண்டு. ஊரில் சாவு விழுந்தால் கச்சேரி நிற்கும். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்றாலும் நிற்கும். அப்போது அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்பார்கள். என் பழக்கம், பணத்தைத் திருப்பாமல் வேறு தேதி தருவது. ஆனால் படகு திரும்பாத ஊரில் பணத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த ஊர் அதை மறக்காது என்பதற்காக இல்லை. அப்பாவின் படகுக்காக நாங்கள் ஒரு இரவும் ஒரு பகலும் கரையில் நின்றிருக்கிறோம்.

வருகிற ஒவ்வொரு ஆயிரத்திலும் நூறை மழைக்கால டப்பாவில் போடுங்கள், நூறைப் பெட்டி ரிப்பேருக்கு. மிச்சம் அன்றைக்கே வீட்டுக்குப் போகட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டில் திறக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் நிறைய. என்னை விட நன்றாக வாசித்த இரண்டு பேரை அந்தப் பழக்கம் கொண்டுபோய்விட்டது. கமிட்டிக்காரர் பேமெண்ட்டோடு ஒன்றை நீட்டினால், "காலையில பூசை இருக்குண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். எந்த மதத்துக்காரரும் அதற்குமேல் வற்புறுத்த மாட்டார்.

நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு டியூஷன்தான் கைகொடுக்கும். சாஸ்திரீய அடிப்படை வேண்டும் என்கிற பிள்ளைகளை இராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளிக்கு அனுப்புங்கள். குரல், வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் மூன்று வருஷப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். சங்கீத வித்வான் பூச்சி சீனிவாச ஐயங்கார் சமஸ்தானத்தில் பாடிய ஊர் அது, நம் பிள்ளைகளுக்கு நாலு ராகமாவது தெரியட்டும். உங்கள் குழுவில் கரகம், ஒயில், நையாண்டி மேளக் கலைஞர்கள் இருந்தால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள். பதியாமலே வயதாகிப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல்

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் 12 மணி வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் உங்கள் கச்சேரி அந்தப் பதினைந்தில் ஒன்று என்று கமிட்டிக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். போலீஸ் அனுமதிக் கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுமதி வாங்குவது அவர்கள் வேலை, ஆனால் ஸ்டேஷனுக்குப் போவது நம் பெட்டி. குத்துப் பாட்டையெல்லாம் ஒன்பதேகாலுக்குள் முடித்துவிட்டு, மெதுவான பாட்டில் இறக்கிக்கொண்டு வாருங்கள். கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் கல் மேடைக்குத்தான் வரும்.

தீவுக்காரர்களுக்கு மட்டும்: கச்சான் காற்று வீசும் இரவில் பைக்கில் கீபோர்டைக் குறுக்காக வைத்துக்கொண்டு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறாதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பக்கமும் கடல், அந்தப் பை பாய்மரம் மாதிரி இழுக்கும். ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் நெட்டுக்குத்தலாக வையுங்கள். காற்று மிஞ்சினால் பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரிலேயே படுத்துவிட்டுக் காலையில் வாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை எங்களுக்கு ரோட்டை விட்டால் வேறு வழியில்லாமல் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் மண்டபத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணை எனக்குச் சொந்தத் திண்ணை மாதிரி ஆகிவிட்டது.

சாமி காரியம்

எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். கிறிஸ்தவன் அம்மன் கோயிலில் வாசிக்கலாமா? அவரவர் மனசாட்சி. நான் செய்வதை மட்டும் சொல்கிறேன். வாசிப்பேன், மரியாதையாக வாசிப்பேன். பூசாரி திருநீறு நீட்டினால் கையில் வாங்கிக்கொள்வேன், தட்டிவிடுவதில்லை. எங்கள் குழுவில் தபேலா வாசிக்கும் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கீழக்கரைக்காரர். மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரத்துக்கு அவருக்குப் பத்து நிமிஷம் வேண்டும். அதனால் எந்த ஊரானாலும் பாங்கு சொன்ன பிறகுதான் நாங்கள் முதல் பாட்டை எடுப்போம். நோன்பு மாதம் என்றால் மேடைக்குப் பின்னால் முதலில் அவர் பேரீச்சம்பழம், பிறகு எங்கள் எல்லாருக்கும் நோன்புக்கஞ்சி, அதற்குப் பிறகுதான் சுருதி சேர்ப்பது. ரிதம் பேட் வாசிக்கும் தம்பி ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் அந்த நாட்களில் வண்டிக்குள் அசைவப் பொட்டலம் ஏறாது. யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது.

உங்கள் சொந்தக் கோயிலில் எங்கே கோடு போடுவது என்பது அதை விடக் கஷ்டம். முதல் வருஷத்திலேயே பங்குத்தந்தையிடம் போய் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஞாயிறு பூசைக்கும் சொந்த ஊர் இறப்பு வீட்டுக்கும் நான் காசு வாங்குவதில்லை. கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கு வாங்குவேன், வெளியூரை விடக் குறைத்து. இதைச் சொல்லாமலே விட்டால் ஒரு பக்கம் "கோயிலுக்கே காசு கேட்கிறான்" என்பார்கள், இன்னொரு பக்கம் வெளியூர்க்காரர்கூட "கோயில்தானே, சும்மா வா" என்பார். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலே ஞாயிறு கடமை நிறைவேறும் என்பது எங்கள் சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிறு முழுநாள் கல்யாணம் ஒப்புக்கொண்டால் நான் அப்படித்தான் செய்வேன். அதையே வழக்கமாக்கிவிட்டால் பாடகர் குழுவில் உங்கள் ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தனிக் கதை. நாற்பது நாளும் கோயிலில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான், தனி வாசிப்புக் கிடையாது. அல்லேலூயா இல்லை. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்கிற புகழ்ப் பாட்டோடு நிறுத்தினால், ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி வானவர் கீதம் எழும் வரை பெட்டி மூடித்தான் இருக்கும். வெளியே அதே நாற்பது நாளில்தான் மாசி, பங்குனித் திருவிழா. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் தவக்காலம் முழுக்க ஒரு மேடையும் ஏற மாட்டார். பெரிய மனுஷர்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்குள் அவர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்விடும், மீட்க ஆவணி ஆகும். அவர் மனைவி முகத்தைப் பார்த்த பிறகு நான் வேறு கணக்குப் போட்டேன். சாம்பல் புதன், தவக்கால வெள்ளிக்கிழமைகள், புனித வாரம் முழுதும் சிவப்பு. மற்ற நாட்களில் போவேன். இது சமரசம்தான், மறைக்கவில்லை. கோயிலில் நாற்பது நாள் அடக்கி வாசித்த விரல்கள் திருவிழிப்பு இரவில், விளக்கெல்லாம் எரிந்து மணி அடிக்கும்போது, பத்து விரலும் சேர்ந்து இறங்குகிற அந்த நிமிஷத்துக்கு எந்த மேடையும் ஈடில்லை. அந்த இரவுக்கு எனக்கு ஒரு முறை மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார்கள். சிவப்பு நாளுக்குத் தொகை கேட்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டில்

ஹெட்போன் வாங்குங்கள். கல்யாணமானவர்களுக்கு இதுதான் முதல் முதலீடு, ரெண்டாவதுதான் கீபோர்டு. இரவு இரண்டு மணிக்கு வருகிறவர் கதவைத் தட்டாமல் வருவதற்குத் தனிச் சாவி. மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். தூக்கத்தைப் பிறகு தூங்கலாம், இரவில் இல்லாத அப்பாவைப் பிள்ளை பகலிலாவது பார்க்கும். வருஷத்துக்கு இரண்டு மேடைக்காவது வீட்டுக்காரர்களைக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வையுங்கள். என் மனைவி முதல்முறை வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "அஞ்சு மணி நேரம் நின்னுக்கிட்டேவா வாசிப்பீங்க?" அதற்கு மறுவாரமே ஒரு உயரமான ஸ்டூல் வீட்டுக்கு வந்தது.

தேதி நோட்டு என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் வருஷக் கணக்கில் தள்ளிப்போட்டேன், வீண். போன் என் பையில் அடித்தாலும் எடுப்பது அவள்தான். போன மே மாதம் கூடத்தில் உட்கார்ந்து ஜாக் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஜூன் பதிமூணா? அன்னைக்கு எங்க ஊர் தேர் தம்பி, அவர் வரமாட்டாரு. இருபதாம் தேதி சும்மாதான் இருக்காரு, எழுதிக்கவா? அட்வான்ஸ் பாதி."